அது எந்தப் பொழிவின் எரிகல்?

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் ஒரு செய்தி தவறாமல் வரும்: ‘இன்று இரவு விண்கல் மழை’. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் இரண்டு மூன்று மாணவர்கள் நம்மிடம் ஓடி வருவார்கள். “சார், நேத்து ராத்திரி மூணு பார்த்தேன். மூணுமே ஜெமினிட்!” பனியில் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்த குழந்தையை முதலில் பாராட்ட வேண்டும். பாராட்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “ஜெமினிட் என்று எப்படித் தெரிந்தது?” பெரும்பாலும் வரும் பதில்: “நேத்து ஜெமினிட் நாள்தானே சார்!”

இந்தப் பதிலில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. ஷிப்ட் முடியும் நேரத்தில் ஓசூர் சிப்காட் சாலையில் செல்பவர்கள் எல்லாரும் தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்கள் அல்லர். அதுபோல ஜெமினிட் இரவில் தெரியும் எரிகற்கள் எல்லாம் ஜெமினிட்டுகள் அல்ல. அதே இரவில் வேறு சிறு பொழிவுகளும் நடக்கின்றன. எந்தப் பொழிவையும் சேராத உதிரி எரிகற்களும் ஒவ்வோர் இரவிலும் விழுகின்றன. எனவே தேதியை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட முடியாது. எரிகல்லின் திசை, நீளம், வேகம் ஆகியவற்றைக் கேட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும். தொலைநோக்கியோ செலவோ இல்லாமல் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை செய்யக்கூடிய செயல்பாடு இது. வானவில் மன்றச் செயல்பாடுகளோடும் இணைத்துக்கொள்ளலாம்.

நட்சத்திரம் விழுவதில்லை

எங்கள் எல்லைப் பகுதியில் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் குழந்தைகள் இருப்பார்கள். நட்சத்திரத்தைத் தெலுங்கு பேசும் குழந்தை ‘சுக்க’ என்கிறது, கன்னடம் பேசும் குழந்தை ‘சுக்கி’ என்கிறது. எந்த மொழியில் சொன்னாலும் குழந்தைகள் சொல்லும் செய்தி ஒன்றுதான்: நட்சத்திரம் விழுந்தது. பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

நட்சத்திரம் விழுவதில்லை. சூரியனைச் சுற்றி வரும் வால்மீன்களும் சில சிறுகோள்களும் தங்கள் பாதை நெடுகத் தூசியையும் சிறு கற்களையும் உதிர்த்துச் செல்கின்றன. பூமி தன் பாதையில் செல்லும்போது ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே தேதியில் அந்தத் தூசிப் பாதையைக் கடக்கிறது. அப்போது மணல்துகள் அளவிலிருந்து சிறு கூழாங்கல் அளவு வரையுள்ள துணுக்குகள் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் நம் வளிமண்டலத்தில் நுழைந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்ந்து தீர்ந்துபோகின்றன. அந்த ஒளிக்கீற்றே எரிகல். ஒரே தூசிப் பாதையிலிருந்து பல எரிகற்கள் வருவது எரிகல் பொழிவு.

டிசம்பரில் வரும் ஜெமினிட் பொழிவின் தாய் 3200 ஃபேதான் என்னும் சிறுகோள். 1983ஆம் ஆண்டு ஐராஸ் என்னும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் இது கண்டுபிடிக்கப்பட்டது. இதன் பாதை ஜெமினிட் துகள்களின் பாதையோடு ஒத்துப்போவதை வானியலாளர் ஃபிரெட் விப்பிள் உடனே சுட்டிக்காட்டினார். சுமார் 1.4 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் ஃபேதான், புதன் கோளின் பாதைக்கும் உள்ளே நெருங்கிச் சென்று திரும்புகிறது. பெரும்பாலான பொழிவுகளுக்குத் தாய் வால்மீன். ஜெமினிட்டுக்குத் தாய் சிறுகோள். இதைச் சொன்னால் மாணவர்கள் வியப்போடு கேட்பார்கள்.

குடைக்குள் ஒரு வானம்

ஒரே தூசிப் பாதையில் வரும் துகள்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே வருகின்றன. ஆனால் நம் கண்ணுக்கு அவை வானத்தில் ஒரே புள்ளியிலிருந்து நாலாபுறமும் சிதறுவதுபோலத் தெரியும். அந்தப் புள்ளியைத் தோற்றப்புள்ளி என்று கொள்வோம். நேரான நெடுஞ்சாலையின் இரு ஓரங்களும் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோலத் தெரிகிறதே, அதே காட்சிதான். பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தின் ஒரு முனையில் மாணவர்களை நிற்கவைத்து, தரைக்கோடும் கூரைக்கோடும் எங்கே கூடுவதுபோலத் தெரிகின்றன என்று கேளுங்கள். விரலால் சுட்டிக்காட்டிவிடுவார்கள்.

அடுத்து ஒரு கறுப்புக் குடையை விரித்து, உட்புறம் மாணவர்களுக்குத் தெரியுமாறு பிடியுங்கள். குடையின் உச்சி தோற்றப்புள்ளி. கம்பிகள் எரிகற்களின் பாதைகள். உச்சிக்கு அருகே சுண்ணக்கட்டியால் சிறு கோடுகளும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல நீண்ட கோடுகளும் வரையுங்கள். மாணவர்கள் மூன்று செய்திகளைத் தாமாகவே சொல்வார்கள்:

1. எந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினாலும் உச்சியை அடைகிறது.
2. உச்சிக்கு அருகே உள்ள கோடுகள் குட்டையானவை, தள்ளியிருப்பவை நீளமானவை.
3. எரிகல் வானத்தின் எந்தப் பக்கத்திலும் தோன்றலாம். தோற்றப்புள்ளியிலேயே தோன்ற வேண்டியதில்லை.

மூன்றாவது செய்தியை அழுத்திச் சொல்லுங்கள். ‘ஜெமினிட் என்றால் மிதுன ராசியில் தெரியும்’ என்பது பரவலாக உள்ள தவறான எண்ணம். மிதுனத்திலிருந்து புறப்பட்டதுபோல் தெரிய வேண்டும் என்பதே சரி.

இந்த உண்மை தெரியவந்த வரலாறும் சுவையானது. 1833ஆம் ஆண்டு நவம்பர் 12, 13 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் அமெரிக்காவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. மக்கள் அஞ்சினர். யேல் கல்லூரியைச் சேர்ந்த டெனிசன் ஓம்ஸ்டெட் பல ஊர்களிலிருந்து பார்த்தவர்களின் குறிப்புகளைத் திரட்டினார். எல்லா எரிகற்களும் சிம்ம விண்மீன் கூட்டத்தில் ஒரே புள்ளியிலிருந்து சிதறுவதுபோல் தெரிந்ததையும், இரவு நகர நகர அந்தப் புள்ளி விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்ததையும் அக்குறிப்புகள் காட்டின. அப்படியானால் இது காற்றில் உண்டாகும் நிகழ்ச்சி அல்ல. பூமிக்கு வெளியிலிருந்து வருவது. பொதுமக்களின் சாதாரணக் குறிப்புகளிலிருந்து பிறந்த அறிவியல் இது. நம் மாணவர்களின் குறிப்பேடும் அப்படிப்பட்ட குறிப்பாக இருக்க வேண்டும் என்பதே நம் நோக்கம்.

எரிகல்லிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: இந்த இரவில் அந்தப் பொழிவு உண்டா? அதன் தோற்றப்புள்ளி இப்போது அடிவானத்துக்கு மேலே இருக்கிறதா?

ஓசூரின் அட்சரேகை ஏறத்தாழ 12.7 டிகிரி வடக்கு. டிசம்பர் 14ஆம் தேதியை ஒட்டி ஜெமினிட் தோற்றப்புள்ளி இங்கே இரவு 7.40 மணியளவில் வடகிழக்கில் உதிக்கிறது. 10 மணிக்குச் சுமார் 28 டிகிரி உயரத்துக்கு வருகிறது. பின்னிரவு 2.15 மணியளவில் ஏறத்தாழ 70 டிகிரி உயரத்தில் உச்சத்தை அடைகிறது. ஆகவே மாலை 6.45 மணிக்கு ஒரு மாணவர் எரிகல் பார்த்திருந்தால் அது ஜெமினிட் அல்ல. கணக்கு ஒன்றும் தேவையில்லை. இந்த ஒரு கேள்வியே போதும்.

இரண்டாம் கேள்வி: பாதையைப் பின்னோக்கி நீட்டினால் தோற்றப்புள்ளியைத் தொடுகிறதா?

இதற்கு ஒரு முழம் கயிறு போதும். எரிகல்லைப் பார்த்தவுடன் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து, கையை நீட்டி, எரிகல் சென்ற தடத்தின் மேல் வைத்ததுபோல் பிடிக்க வேண்டும். கயிறு எந்த விண்மீன்களின் வழியே பின்னோக்கிச் செல்கிறது என்று பார்க்க வேண்டும். ஜெமினிட்டின் தோற்றப்புள்ளி மிதுனத்தில் காஸ்டர் என்னும் விண்மீனுக்கு மிக அருகில், இரண்டு டிகிரிக்குள் இருக்கிறது. காஸ்டரும் அதன் இணையான போலக்ஸும்தான் நம் புனர்பூசம். ஒரியனின் ரைஜலிலிருந்து திருவாதிரை வழியாக ஒரு கோட்டை நீட்டினால் இந்த இரட்டையரை அடையலாம். கயிறு தோற்றப்புள்ளியிலிருந்து ஒரு கைமுட்டி அகலத்துக்குள் கடந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அதற்கும் தள்ளிப் போனால் ஏற்கக் கூடாது.

மூன்றாம் கேள்வி: நீளம் பொருந்துகிறதா?

வானத்தில் நீளத்தை அளக்கக் கையே அளவுகோல். கையை முழுவதும் நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 டிகிரி, நடு மூன்று விரல்கள் 5 டிகிரி, கைமுட்டி 10 டிகிரி, விரித்த சாண் 20 டிகிரி. காஸ்டருக்கும் போலக்ஸுக்கும் உள்ள இடைவெளி 4.5 டிகிரி. மூன்று விரலால் அதை மறைத்துப் பார்த்து ஒவ்வொரு மாணவரும் தம் கையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விதி இதுதான்: எரிகல் தடத்தின் நீளம், தோற்றப்புள்ளியிலிருந்து தடம் தொடங்கிய இடம் வரையுள்ள தொலைவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. தோற்றப்புள்ளியிலிருந்து 20 டிகிரி தள்ளித் தொடங்கிய எரிகல் 10 டிகிரிக்குள் முடிந்துவிட வேண்டும். குடையில் வரைந்த குட்டைக் கோடுகளும் நீண்ட கோடுகளும் இங்கே நினைவுக்கு வரும்.

நான்காம் கேள்வி: வேகம் பொருந்துகிறதா?

ஒவ்வொரு பொழிவுக்கும் ஒரு நுழைவு வேகம் உண்டு. ஜெமினிட்டுக்கு நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். நவம்பரில் வரும் லியோனிட்டுக்கு 71 கிலோமீட்டர். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். நம்மை நோக்கி வரும் பேருந்து மெதுவாக வருவதுபோலவும், குறுக்கே கடக்கும் பேருந்து விரைவதுபோலவும் தெரிகிறதல்லவா? தோற்றப்புள்ளிக்கு அருகே தெரியும் எரிகல் நம்மை நோக்கி வருவது. தொலைவில் தெரிவது குறுக்கே செல்வது. எரிகல் 100 கிலோமீட்டர் உயரத்திலும், அடிவானத்திலிருந்து 50 டிகிரி ஏற்றத்திலும் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், ஜெமினிட் தோற்றப்புள்ளியிலிருந்து 5 டிகிரி தொலைவில் நொடிக்கு ஏறத்தாழ 1.3 டிகிரி மட்டுமே நகரும். 30 டிகிரி தொலைவில் 7 முதல் 8 டிகிரி. 90 டிகிரி தொலைவில் 15 டிகிரி. அதே 30 டிகிரி தொலைவில் லியோனிட் நொடிக்கு 15 டிகிரிக்கு மேல் பாயும்.

வேகத்தை மதிப்பிடக் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். சுவரிலிருந்து 3 மீட்டர் தொலைவில் மாணவர்களை அமரவைத்தால், சுவரில் அரை மீட்டர் நீளம் அவர்களுக்கு ஏறத்தாழ 10 டிகிரியாகத் தெரியும். அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளிப்புள்ளியை அந்த அரை மீட்டருக்கு ஒரு நொடியில் ஒருமுறை, இரண்டு நொடியில் ஒருமுறை, அரை நொடியில் ஒருமுறை நகர்த்திக் காட்டுங்கள். மாணவர்கள் ‘மெதுவு’, ‘நடுத்தரம்’, ‘வேகம்’ என்று எழுதட்டும். ஒரு பாடவேளையில் வகுப்பு முழுவதும் பழகிவிடும்.

ஒரு மாதிரிப் பயிற்சி

நான்கு கேள்விகளையும் கரும்பலகையில் ஒருமுறை செய்து காட்டுவது நல்லது. இந்தக் கணக்கைக் கொடுக்கலாம்.

டிசம்பர் 13, இரவு 10.30 மணி. ஒரு மாணவி பார்த்த எரிகல், சிரியஸுக்கும் ரைஜலுக்கும் நடுவில் தொடங்கித் தென்மேற்கு நோக்கிச் சென்றது. தடத்தின் நீளம் ஒன்றரைக் கைமுட்டி, அதாவது 15 டிகிரி. நேரம் ஒரு நொடிக்குச் சற்று அதிகம். இது எந்தப் பொழிவு?

கயிற்றைப் பின்னோக்கி நீட்டினால் அது முதலில் திருவாதிரைக்கும் புரோசியானுக்கும் இடைப்பட்ட பகுதி வழியாகச் செல்கிறது. பிறகு மேலும் வடக்கே சென்று காஸ்டரை அடைகிறது. சிக்கல் இங்கேதான். திருவாதிரைக்கும் புரோசியானுக்கும் இடையில்தான் மோனோசெரோட்டிட் என்னும் சிறு பொழிவின் தோற்றப்புள்ளி இருக்கிறது. அதுவும் டிசம்பர் முதல் பாதியில் நிகழ்வதே. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 41 கிலோமீட்டர். ஆகவே தேதி இரண்டுக்கும் பொருந்துகிறது. திசையும் இரண்டுக்கும் பொருந்துகிறது.

இப்போது நீளத்தைக் கேட்போம். எரிகல் தொடங்கிய இடம் மோனோசெரோட்டிட் தோற்றப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 23 டிகிரி தொலைவில் இருக்கிறது. பாதி விதிப்படி தடம் 11 அல்லது 12 டிகிரிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இது 15 டிகிரி. பொருந்தவில்லை. ஜெமினிட் தோற்றப்புள்ளியிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 50 டிகிரி. பாதி என்றால் 25 டிகிரி. 15 டிகிரி அதற்குள் அடங்குகிறது. வேகத்தையும் பார்ப்போம். அந்த இடத்தில் ஜெமினிட் நொடிக்குச் சுமார் 11 டிகிரி நகர வேண்டும். 15 டிகிரியைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். மாணவியின் குறிப்பும் அதையே சொல்கிறது. எனவே விடை ஜெமினிட்.

அதே எரிகல் 8 டிகிரி நீளம் மட்டுமே இருந்திருந்தால்? நீளம் இரண்டுக்கும் பொருந்தும். அப்போது வேகம்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். வேகத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், ‘முடிவு செய்ய இயலவில்லை’ என்று எழுதுவதே சரியான விடை. இதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

நம் ஊர் வானத்தில் எத்தனை தெரியும்?

‘மணிக்கு 150 எரிகற்கள்’ என்று செய்தியில் படித்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறும் குழந்தை அரை மணி நேரத்தில் சலித்து இறங்கிவிடும். அந்த 150 என்பது, தோற்றப்புள்ளி நேர் தலைக்கு மேலே இருந்து, 6.5 ஒளிப்பொலிவெண் வரையுள்ள மங்கலான விண்மீன்களும் தெரியும் இருண்ட வானத்துக்கான கணக்கு. எங்கள் பகுதியில் ஒருபுறம் சிப்காட் விளக்குகள், மறுபுறம் அத்திப்பள்ளி தொடங்கிப் பெங்களூரு வரை நீளும் ஒளி, நடுவே தேசிய நெடுஞ்சாலை. 4 ஒளிப்பொலிவெண் வரையுள்ள விண்மீன்கள் மட்டுமே தெரியும் வானத்தில் ஜெமினிட்டின் எண்ணிக்கை பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தோற்றப்புள்ளி உச்சத்தில் இருக்கும் பின்னிரவில் மணிக்குச் சுமார் 13. இரவு 10 மணியளவில் 6 அல்லது 7. இதை முன்பே சொல்லிவிட்டால் குழந்தை ஏமாறாது. ஒரு மணி நேரத்தில் ஆறு எரிகற்கள் என்பது நான்கு கேள்விகளையும் நிதானமாகக் கேட்டு எழுதுவதற்கு வசதியான எண்ணிக்கைதான்.

இருண்ட வானத்தைத் தேடி மாணவர்களைக் காட்டோரம் அழைத்துச் செல்லலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்கலாம். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் வானம் இருட்டாக இருப்பது உண்மைதான். ஆனால் ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் பன்னேர்கட்டா பக்கமிருந்து இப்பகுதிக் காடுகளுக்கும் வயல்களுக்கும் வருகின்றன. ஜெமினிட் இரவுகளும் அதே பருவத்தில்தான். எனவே வெட்டவெளியும் காட்டோரமும் வேண்டவே வேண்டாம். அவரவர் வீட்டு மொட்டைமாடி அல்லது வாசல், பெரியவர் ஒருவர் துணை, தெருவிளக்கை மறைக்கும் ஒரு சுவர் ஆகியவை போதும். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் இருக்க வேண்டும். பாயில் படுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். பனிக்குப் போர்வை அவசியம்.

அரையாண்டுத் தேர்வும் இதே நாட்களில் வரும். யாரையும் கட்டாயப்படுத்தாமல், விருப்பமுள்ளவர்கள் மட்டும் இரவு 10 முதல் 11 மணி வரை ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். டிசம்பர் 12, 13, 14 ஆகிய மூன்று இரவுகளில் மேகமில்லாத ஓர் இரவைத் தேர்ந்துகொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் மூன்றையும் எடுத்துக்கொள்ளும். நாட்காட்டியில் பௌர்ணமி எப்போது என்றும் பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் நிலவொளி மங்கலான எரிகற்களை மறைத்துவிடும்.

இரவு ஷிப்ட்டுக்குப் போகும் பெற்றோரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். விடியற்காலையில் கம்பெனி பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் நம் எல்லாரையும்விட அதிகமாக வானத்தைப் பார்ப்பவர்கள். “அப்பா, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு?” என்று குழந்தை கேட்டால், அதுவே நல்ல நேர்காணல் பயிற்சி.

பதிவுத்தாள்

ஒரு கோடிட்ட தாளில் எட்டுப் பத்திகள் போதும்: வரிசை எண், நேரம், தொடங்கிய இடம், முடிந்த இடம், நீளம், வேகம், பிரகாசம், முடிவு. பிரகாசத்தை ‘போலக்ஸைவிட அதிகம்’, ‘சிரியஸ் அளவு’ என்று ஒப்பிட்டு எழுதலாம். தாளின் மேலே ஊர், தேதி, பார்க்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம் எவ்வளவு என்பன இருக்க வேண்டும். எழுதுவதற்குச் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் பயன்படுத்தினால் கண்ணின் இருள்பழக்கம் கெடாது. கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் கண் மீண்டும் இருளுக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகும்.

‘முடிவு’ பத்தியை அன்றிரவே நிரப்பக் கூடாது. அன்றிரவு பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். மறுநாள் வகுப்பில், விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு, நான்கு கேள்விகளுக்குப் பிறகே முடிவை எழுத வேண்டும். பார்ப்பதையும் பெயர் சூட்டுவதையும் இப்படிப் பிரித்து வைப்பது மிக முக்கியம். ‘இது ஜெமினிட்தான்’ என்று முதலிலேயே எண்ணிக்கொண்டால், தடத்தின் திசையைக்கூட அதற்கேற்பச் சற்று வளைத்து வரைந்துவிடுவோம். இது குழந்தைகளுக்கு மட்டுமல்ல, எல்லா மனிதர்களுக்கும் உள்ள இயல்பு.

எரிகல் அல்லாதவற்றையும் நீக்க வேண்டும். சீரான வேகத்தில் நிமிடக் கணக்கில் நகரும் ஒளிப்புள்ளி செயற்கைக்கோள். விட்டுவிட்டு மின்னுவது விமானம். பெங்களூருவுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு இவை நிறையத் தெரியும். எரிகல் பெரும்பாலும் ஒரு நொடிக்குள், மிஞ்சினால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

முடிவு பத்தியில் நான்கு விடைகளுள் ஒன்று வரலாம்: ஜெமினிட், வேறு பொழிவு, உதிரி, முடிவு செய்ய இயலவில்லை. உதிரி எரிகற்களையும் விடாமல் எழுத வேண்டும். அவற்றின் எண்ணிக்கை தெரிந்தால்தான் பொழிவு உண்மையில் எவ்வளவு கூடுதலாகத் தந்தது என்று சொல்ல முடியும். 1988இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு எரிகல் அமைப்பு, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து இத்தகைய குறிப்புகளைத்தான் திரட்டுகிறது. நன்கு பழகிய மாணவர்களின் பதிவுகளை அதற்கும் அனுப்பலாம்.

பெயர் சூட்டும் அவசரம்

இவ்வளவு கவனம் எதற்கு என்ற கேள்வி எழலாம். எங்கள் மாவட்டத்தை அடுத்துள்ள நாட்றம்பள்ளி அருகே, 2016 பிப்ரவரி 6 அன்று ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததால் ஏற்பட்ட மரணம் என்று அறிவிப்பு வந்தது, உலகெங்கும் செய்தியானது. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்று கருத்துத் தெரிவித்தனர். அந்த ஆண்டு இப்பகுதிக் குழந்தைகள் பலர் வானத்தைப் பார்க்கவே அஞ்சினர். எரிகல் பொழிவின் துகள்கள் தரையை எட்டாமல் உயரத்திலேயே எரிந்துவிடுகின்றன என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பெயர் முதலில், ஆதாரம் பிறகு என்று போனால் அச்சமும் வதந்தியும் வளரும். ஆதாரம் முதலில், பெயர் பிறகு என்பது ஒரு பழக்கம். அதை ஒரு நொடி ஒளிரும் எரிகல்லில் பழகிய குழந்தை, நாளை கைப்பேசியில் வரும் செய்தியிலும் கடைப்பிடிக்கும்.

ஆண்டு முழுவதும் பார்க்க

நம் பகுதியிலிருந்து பார்க்கத்தக்க முக்கியப் பொழிவுகள் கீழே உள்ளன. உச்ச நாள் ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

குவாட்ரன்டிட்: ஜனவரி 3, 4. தோற்றப்புள்ளி வடக்கே; விடியற்காலையில் மட்டும். வேகம் நொடிக்கு 41 கி.மீ.

லைரிட்: ஏப்ரல் 22. தோற்றப்புள்ளி வேகா விண்மீனுக்கு அருகே. 49 கி.மீ.

ஈட்டா அக்குவாரிட்: மே 5, 6. கும்பம், விடியலுக்கு முன். 66 கி.மீ. தாய் ஹாலி வால்மீன். கோடை விடுமுறையில் வருவதால் வசதி.

பெர்சீட்: ஆகஸ்ட் 12, 13. தோற்றப்புள்ளி ஓசூரில் இரவு 10.40 மணியளவில் உதிக்கிறது. 45 டிகிரிக்கு மேல் உயராது. 59 கி.மீ. தாய் ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன். தென்மேற்குப் பருவ மேகம் பெரும்பாலும் மறைக்கும்.

ஒரியானிட்: அக்டோபர் 21, 22. திருவாதிரைக்கு வடகிழக்கே, இரவு 10.30 மணிக்குப் பின். 66 கி.மீ. இதற்கும் தாய் ஹாலி வால்மீனே.

லியோனிட்: நவம்பர் 17, 18. சிம்மம், மகம் விண்மீனுக்கு வடக்கே, நள்ளிரவுக்குப் பின். 71 கி.மீ. தாய் டெம்பிள்-டட்டில் வால்மீன்.

ஜெமினிட்: டிசம்பர் 13, 14. புனர்பூசத்தின் காஸ்டருக்கு அருகே, இரவு 7.40 மணிக்குப் பின். 35 கி.மீ. தாய் ஃபேதான்.

இந்தப் பட்டியலில் பள்ளிக் குழந்தைகள் தூக்கம் கெடாமல் முன்னிரவிலேயே பார்க்க ஏற்றது ஜெமினிட் ஒன்றுதான். மற்றவை நள்ளிரவையோ விடியலையோ கேட்பவை. அதனால்தான் செயல்பாட்டை ஜெமினிட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நவம்பர் இறுதியில் குடைப் பயிற்சியும் டார்ச் பயிற்சியும் ஆளுக்கொரு பாடவேளை. டிசம்பர் முதல் வாரத்தில் புனர்பூசத்தையும் திருவாதிரையையும் அடையாளம் காணும் வீட்டுப்பாடம். இரண்டாம் வாரத்தில் ஒரு மணி நேரப் பார்வை. தேர்வும் விடுமுறையும் முடிந்த பிறகு ஜனவரியில் பதிவுத்தாள்களை மேசையில் பரப்பி வைத்து நான்கு கேள்விகள். இதுதான் முழுத் திட்டம். எத்தனை ஜெமினிட் பார்த்தார்கள் என்று எண்ணி மதிப்பிட வேண்டாம். ‘இது ஜெமினிட் அல்ல, ஏனென்றால்...’ என்று எத்தனை மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.